பிரிட்டன் மழை: அன்றும் இன்றும்

பிரிட்டன் என்றாலே நாடு முழுக்க எந்நேரமும் மழை தூறிக்கொண்டிருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அட்லாண்டிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று மேற்குக்கரை மலைகளில் மோதி, மேலெழும்பி, குளிர்ந்து, பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே போய்ச் சேர்வது மிச்சம்தான். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். இங்கிலாந்தின் கிழக்கோரத்து எஸெக்ஸில் 600 மி.மீ.கூடத் தேறாத ஊர்கள் உண்டு. வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துச் சீத்வெயிட் கிராமமும் 3,000 மி.மீ.யைத் தாண்டும். சற்றுத் தள்ளியிருக்கும் கெஸ்விக்கில் ஏறக்குறைய அதில் பாதிதான். இந்த மேற்கு, கிழக்குப் பங்கீடு அன்றும் இன்றும் ஒன்றே. பெய்யும் விதம்தான் மாறிவிட்டது.

அதை உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், காசு வாங்காமல் மழையை அளந்த மனிதர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1677-இல் லங்காஷயரில் ரிச்சர்ட் டவுன்லி தன் வீட்டுக் கூரையில் புனல் பொருத்தி, குழாய் வழியே நீரை இறக்கி அளக்கத் தொடங்கினார். 1860-இல் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் நாடெங்கும் ஆர்வலர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். நூற்றுச் சொச்சம் இடங்களில் தொடங்கிய அளவீடு, 1900-இல் அவர் இறந்தபோது 3,000 இடங்களைத் தாண்டியிருந்தது. பாதிரியார், மருத்துவர், தோட்டக்காரர் எனப் பலதரப்பட்டவர்கள் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைப் பார்த்துத் தாளில் குறித்துவைத்தார்கள். நார்ஃபோக்கைச் சேர்ந்த பேனிங் சீமாட்டி 1835 முதல் 1887 வரை அளந்தார். லண்டனுக்குப் போனாலும் மழைமானியைக் கையோடு கொண்டுபோவார். ஐம்பது ஆண்டுக்கு மேல் நீடித்த அந்தப் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அந்தக் கையெழுத்துத் தாள்கள் நெடுங்காலம் ஆவணக்காப்பகத்தில் கிடந்தன. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் உதவி கேட்டார். 16,000 தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே 65,000 தாள்களை 16 நாளில் கணினியில் ஏற்றிவிட்டார்கள். 1862-இலிருந்து மட்டுமே இருந்த நாட்டின் மாத மழைக் கணக்கு, இதனால் 1836 வரை பின்னோக்கி நீண்டது. அந்த நெடுங்கணக்கில் மிக வறண்ட ஆண்டு 1855. கடும் வறட்சி அன்றும் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

இன்றைய வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. 1955 ஜூலையில் டார்செட்டின் மார்ட்டின்ஸ்டவுனில் ஒரே நாளில் 279 மி.மீ. கொட்டியது. அதை மிஞ்ச அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று: 2009 நவம்பரில் சீத்வெயிட்டில் 24 மணி நேரத்தில் 316.4 மி.மீ. அதையும் மிஞ்ச ஆறே ஆண்டுதான். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது, பக்கத்திலேயே உள்ள ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மி.மீ. பதிவானது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்றால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும்; மேகம் கொட்டும்போது அத்தனையும் சேர்ந்து கொட்டுகிறது. 2015 முதல் 2024 வரையான பத்தாண்டில், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்கால அரையாண்டு மழை 1961-90 சராசரியைவிட 16 சதவீதம் அதிகம்.

வானிலையின் தடுமாற்றம் அந்நாட்டுக்குப் பழகியதுதான். 1976-இன் கடும் வறட்சியில் அதற்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். சில நாளில் மழை வந்துவிட்டது. 2012 ஏப்ரலில் தோட்டத்துக்குக் குழாய்நீர் பாய்ச்சக்கூடாது என்று தடை போட்ட கையோடு, பெருமழை பிடித்துக்கொண்டது. இப்போது ஊசல் இன்னும் அகலமாக ஆடுகிறது. 2024 மார்ச்சோடு முடிந்த 18 மாதங்கள், இங்கிலாந்தின் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த 18 மாதங்கள். வயலில் நீர் வடியாமல் விதைக்க முடியாமல் தவித்த விவசாயிகள், 2025-இல் நூறாண்டு காணாத வறண்ட வசந்தத்தைச் சந்தித்தார்கள்.

இதில் என்னை மிகவும் கலங்கவைப்பது கார்லைல் நகரின் கதை. 2005 ஜனவரி வெள்ளத்தில் அங்கே மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பொருள் செலவழித்து வெள்ளத் தடுப்புச் சுவர்களைக் கட்டி, 2010-இல் முடித்தார்கள். ஐந்தே ஆண்டில் டெஸ்மண்ட் புயலின் வெள்ளம் அந்தச் சுவர்களைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்தது. கட்டியவர்கள் அலட்சியமாக இருந்துவிடவில்லை. பழைய வெள்ளங்களின் கணக்கை நம்பினார்கள், அந்தக் கணக்கை ஆறு மீறிவிட்டது. சைமன்ஸின் ஏடுகள் மழை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அளக்கும் கோலாக என்றும் இருக்கும். அவற்றிலுள்ள உச்சத்தை மட்டும் நம்பி இனிச் சுவர் எழுப்புவதும், ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதிப்பதும் தவறு.