'எனக்கு டிப்ரெஷனா?': மருத்துவர்கள் அதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

'செம டிப்ரெஷன்ல இருக்கேன்', 'மேசை கலைஞ்சு கிடந்தா தாங்காது, எனக்கு ஓசிடி'. அலுவலகத்தில் இப்படிப் பேசுவது இப்போது சகஜம். ஒன்பது கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மார்க் போடும் மொபைல் டெஸ்ட்டுகளும் இருக்கின்றன. ஆனால், ஒரு மனநல மருத்துவர் இதே பெயரைச் சொல்வதற்கு முன் என்னவெல்லாம் பார்க்கிறார்?

மன அழுத்தமா, மனச்சோர்வா?

தமிழில் ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டையுமே 'மன அழுத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. டெட்லைன் நெருக்கடியில் வருவது மன அழுத்தம். நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் அதுவும் குறைந்துவிடும். டிப்ரெஷன் என்பது மனச்சோர்வு. அது ஒரு நோய். வேலையால் வரும் 'பர்ன்அவுட்'டை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை, பணியிடம் சார்ந்த நிலை என்றே சொல்கிறது.

எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

மனச்சோர்வை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அதனால்தான் எழுதிவைத்த வரையறைகள் தேவைப்படுகின்றன. உலக அளவில் இரண்டு கையேடுகள் முக்கியமானவை. ஒன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. இதன் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மற்றொன்று, அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் டிஎஸ்எம். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ஐசிடி-யைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஐசிடி-11 மனச்சோர்வுக்கு 10 அறிகுறிகளைத் தருகிறது. சோகம், எதிலும் ஆர்வமின்மை, கவனம் சிதறுவது, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், நம்பிக்கையிழப்பு, சாவைப் பற்றிய எண்ணங்கள் போன்றவை அதில் அடங்கும். குறைந்தது 5 இருக்க வேண்டும். அதில் ஒன்று சோகமாகவோ ஆர்வமின்மையாகவோ இருக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், குறைந்தது 2 வாரம் நீடிக்க வேண்டும்.

'வேலையெல்லாம் ஒழுங்காத்தானே போகுது?'

அறிகுறிகளை எண்ணுவதோடு முடிவதில்லை. வேலை, வீடு, உறவுகள் எந்த அளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பதையும் மருத்துவர் பார்ப்பார். டெட்லைனை நீங்கள் தவறவிடாமல் இருக்கலாம். ஆனால் முன்பு சாதாரணமாகச் செய்த வேலைக்கு இப்போது மிக அதிகமாகப் போராட வேண்டியிருந்தால் அதுவும் பாதிப்புதான் என்கிறது ஐசிடி-11. 'சமாளிச்சுட்டுதானே இருக்கேன்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறு காரணம் இருக்கிறதா?

அடுத்தது, மற்ற வாய்ப்புகளை ஒவ்வொன்றாக விலக்குவது. தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைவும் இதேபோன்ற சோர்வைத் தரலாம். ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது இதற்காகத்தான். மதுப்பழக்கம், வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகள், சமீபத்தில் நேர்ந்த மரணம் என எல்லாவற்றையும் கேட்பார்கள்.

'எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்திருக்கிறீர்களா?' என்ற கேள்வி மிக முக்கியம். 'ஆமாம்' என்றால் அது இருமுனையக் கோளாறாக, அதாவது பைபோலாராக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை எதிர்த்திசையில் திரும்பும் ஆபத்து உண்டு. நண்பருக்கு எழுதித் தந்த மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

அப்போ அந்த மொபைல் டெஸ்ட்?

பெரும்பாலும் அது பிஎச்க்யூ-9. மொத்தம் 27 மதிப்பெண். வழக்கமாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். 'உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறது' என்று பொருள் அல்ல. மார்க் குறைவாக வந்தாலும் கஷ்டம் தொடர்ந்தால் போய்ப் பார்ப்பதே சரி.

கையேட்டில் இருப்பதெல்லாம் இறுதியா?

இல்லை. தன்பாலின ஈர்ப்பை ஒரு காலத்தில் நோய்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அமெரிக்க சங்கம் 1973-லும் உலக சுகாதார நிறுவனம் 1990-லும் அதை நீக்கின. குடும்பத்தின், சமூகத்தின் ஒழுக்க நெறிகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என முடிவு செய்யக் கூடாது என்று நமது 2017 சட்டமும் தெளிவாகச் சொல்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

மருத்துவரைப் பார்க்கும் முன்

எப்போது தொடங்கியது, தூக்கமும் பசியும் எப்படி மாறின, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே நோயின் பெயர் சொல்லப்படாமலும் போகலாம். சில நேரம் கொஞ்ச நாள் கவனித்த பிறகுதான் படம் தெளிவாகும். தற்கொலை எண்ணம் வந்தால் மட்டும் 2 வாரம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.