வோர்ட் குளிர்விப்பான்

வோர்ட் குளிர்விப்பான் என்பது வீட்டில் பியர் தயாரிப்போர் கொதித்த வோர்ட்டை விரைவாக ஆறவைக்கப் பயன்படுத்தும் வெப்பப் பரிமாற்றி ஆகும். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீரே வோர்ட். இது ஹாப்ஸ் பூக்களுடன் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் ஈஸ்ட்டைச் சேர்த்தால் அது இறந்துவிடும். ஏல் வகைக்கு ஏறத்தாழ 20 °செ வரை ஆற வேண்டும். தானாக ஆறவிட்டால் பல மணி நேரம் ஆகும். அதற்குள் ஈஸ்ட்டை முந்திக்கொண்டு பாக்டீரியாக்கள் பெருகிவிடலாம்.

எளிய வடிவம் செப்புக் குழாய்ச் சுருள். கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே இதைப் பாத்திரத்தில் இறக்கினால் சூட்டிலேயே கிருமி நீங்கும். அடுப்பை அணைத்ததும் குழாய்க்குள் தண்ணீர் திறந்துவிடப்படும். சுருளை ஒட்டிய வோர்ட் மட்டும் குளிர்ந்து நின்றுவிடும் என்பதால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எதிரோட்ட வகையில் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் இருக்கும். உள்ளே வோர்ட்டும் வெளியே தண்ணீரும் எதிரெதிர்த் திசையில் ஓடும். ஆறி வெளியேறும் வோர்ட், புதிதாக நுழையும் தண்ணீரைச் சந்திக்கிறது. எனவே குழாயின் முழு நீளத்திலும் வெப்பநிலை வேறுபாடு நீடிக்கிறது. ஒரே திசையில் ஓடினால் இரண்டும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையை நெருங்கி, அதற்குமேல் ஆறாது. ஆனால் உட்புறத்தைக் கண்ணால் பார்த்துக் கழுவ முடியாது என்பது இதன் குறை.

எந்த வகையானாலும், உள்ளே வரும் தண்ணீரைவிட வோர்ட் குளிராது. தண்ணீரே 28 °செ இருந்தால், அதை முதலில் பனிக்கட்டி நீரில் மூழ்கிய இன்னொரு சுருள் வழியே செலுத்துவர். தொடக்கத்தில் வெளிவரும் தண்ணீர் நல்ல சூடாக இருக்கும். பாத்திரம் கழுவ உதவும்.