பேஸ் கிற்றாரும் அதன் சுருதியும்

1848 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வாவியின் மீது தோணியேறிச் சென்று, நீருக்கடியிலிருந்து எழுவதாக மக்கள் சொல்லிவந்த பாடும் மீன்களின் ஒலியைத் தாமே கேட்ட சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், பிற்காலத்தில் அவ்வனுபவத்தை நூலில் வருணித்தபோது இரண்டு செய்திகளைக் குறித்து வைத்தார். மிக உயர்ந்த நாதமும் மிகத் தாழ்ந்த நாதமும் ஒன்றோடொன்று கலந்து கேட்டன என்பது ஒன்று. தோணியின் பலகையிற் காதை வைத்தபோது அந்த ஒலி பெரிதும் வலுத்தது என்பது மற்றொன்று. அதை எழுப்புவது மீனா, சிப்பியா என்ற விசாரம் ஒருபுறம் இருக்க, இரண்டாவது செய்தியில் ஒலியியலின் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. தாழ்ந்த ஸ்தாயி நாதம் காற்றினூடு காதுக்கு எட்டுவதோடு நில்லாமல், மரத்தினூடும் நிலத்தினூடும் ஏறிவந்து உடம்பாலும் உணரப்படுவது. ஆகையால் அது இருக்கிறது என்று அறிவது எளிது. அது எந்தச் சுருதியில் நிற்கிறது என்று நிர்ணயிப்பது கடினம்.

இந்தக் கஷ்டத்தை இன்று நாள்தோறும் அனுபவிப்பவர்கள் பேஸ் கிற்றார் வாசிக்கும் கலைஞர்களே. கோவில் திருவிழாவின் இரவு இசை நிகழ்ச்சியிலும், தேவாலயத்துப் பாடற்குழுவிலும், கலியாண மண்டபத்திலும், மேடையின் பின்புறத்தில் அம்பிளிபயருக்கு அருகே ஒதுங்கி நின்று வாசிக்கும் இவர்களைச் சபையோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆயினும் போர்த்துக்கேயர் காலந்தொட்டு இப்பிரதேசத்தில் வாழ்ந்துவரும் பறங்கியர் சமூகத்தின் ஆடல்களோடு சேர்ந்து வளர்ந்த பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் ஆடுபவரின் பாதங்களைச் செலுத்துவதும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் புகழ்பெறச் செய்த பொப்பிசைப் பாடல்களை இன்றைய மேடையில் தாங்கி நிற்பதும் அந்த நான்கு தடித்த தந்திகளின் நாதமே. பாடகரும் கீபோர்ட் வாசிப்பவரும் தம்மை அறியாமலே அதன்மீது நின்றுதான் தமது சுருதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அது சற்றுப் பிசகினால், பிழை எங்கே என்று எவருக்கும் தெரியாது; பாடகர் சுருதி விலகுகிறார் என்றே சபை நினைக்கும்.

லியோ ஃபென்டர் 1951 இல் கட்டைமெட்டுகளோடு கூடிய மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல், அதன் தந்திகள் ஈ, ஏ, டீ, ஜீ என்ற நான்கு ஸ்வரங்களில் சேர்க்கப்படுகின்றன. இவற்றுள் தாழ்ந்ததாகிய ஈ தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41.2 முறை அதிர்கிறது. ஏ தந்தி 55 முறை, டீ தந்தி 73.4 முறை, ஜீ தந்தி 98 முறை. ஐந்து தந்திக் கருவியில் அவற்றுக்கும் கீழே உள்ள பீ தந்தி 30.9 முறைதான் அதிர்கிறது. இசைக்குழுக்கள் பொதுப் பிரமாணமாகக் கொள்ளும் 440 ஹேர்ட்ஸ் ஸ்வரத்தில் விநாடிக்கு ஓர் அதிர்வு கூடினால் அல்லது குறைந்தால், அது அரைஸ்வரத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவான சிறு பேதம். அதே ஓர் அதிர்வு ஈ தந்தியிற் பிசகினாலோ அரைஸ்வரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு விலகிவிடும். எண்ணிக்கையில் அற்பமாகத் தோன்றும் பிழை அடித்தந்தியில் இவ்வளவு பெரிதாகிறது என்பதையும், பக்கத்தில் ட்ரம் முழங்க, எதிரே ஸ்பீக்கர்கள் அதிர, அந்தத் தந்தியைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணினால், மேடையில் காதுக்குத் துணையாகக் கண்ணையும் சேர்த்துக்கொள்வது குறைபாடன்று என்பது விளங்கும்.

சுருதியை எண்ணால் அளப்பது இந்த மண்ணுக்கு அந்நியமான காரியமும் அன்று. 1892 இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, விஞ்ஞானம் கற்று, விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்து, பின்னர் துறவு பூண்டு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிலைபெறச் செய்த சுவாமி விபுலானந்தர், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தொடக்கமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். மறைந்துபோன யாழின் நரம்புகளை, கணிதத்தின் துணைகொண்டு, இன்ன விகிதத்தில் இன்ன சுருதி என்று மீண்டும் நிறுத்திக் காட்ட முயன்ற அப்பெருமகனின் ஊரில், நரம்பின் அதிர்வை எண்ணிச் சொல்லும் ரியூனர் என்ற ஒரு பெட்டியைக் காதில்லாதவனின் ஊன்றுகோல் என்று எவரேனும் இகழ்ந்தால் அதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலாது.

அந்தப் பெட்டி வந்த வழி நீண்டது. 1711 இல் ஜோன் ஷோர் என்ற ஆங்கிலேய வாத்தியக்காரர் இசைக்கவையை உண்டாக்கினார். 1936 இல் அமெரிக்காவில் சுழலும் தட்டும் மின்னொளியும் கொண்ட ஸ்ற்றோபோகொன் என்னும் பெரிய யந்திரம் வந்தது. 1975 இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் கையிலே பிடிக்கத்தக்க ரியூனரை வெளியிட்டது. 1998 இல் பொஸ் நிறுவனம் ரியூ-2 என்ற பெயரில், காலால் மிதித்து இயக்கும் ரியூனர் பெடலை மேடைக்குக் கொண்டுவந்தது. இன்று அதன் வழிவந்த ரியூ-3, கோர்க்கின் பிற்ச்பிளாக், ரீசி எலெக்ரோனிக்கின் பொலிரியூன், பீற்றர்சனின் ஸ்ற்றோபோஸ்ரொம்ப் ஆகியவை பேஸ் வாசிப்போர் அதிகமாக நாடும் பெடல்களாகும்.

கிற்றாரின் வயர் இத்தகைய பெடலுக்குள் நுழைந்து மறுபுறம் அம்பிளிபயருக்குச் செல்கிறது. காலால் மிதித்தவுடன் ஒலி வெளியே போவது நின்றுவிடுகிறது. தந்தி எழுப்பும் மின்னலை மட்டும் பெட்டிக்குள் அளக்கப்பட்டு, ஸ்வரத்தின் பெயரும் அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதும் விளக்குகளாகத் தெரிகின்றன. தலைவர் உரையாற்றும்போதோ, குருவானவர் ஜெபிக்கும்போதோ, சபைக்கு ஒரு சத்தமும் கேளாமல் நான்கு தந்திகளையும் சரிசெய்துகொள்ளலாம். கிற்றாரின் தலையிற் கவ்வி வைக்கும் சிறு ரியூனரும் கைத்தொலைபேசியும் இந்த மௌனத்தைத் தருவதில்லை. அன்றியும் முன்னது மேடைப்பலகையின் அதிர்வையும், பின்னது சுற்றியுள்ள இரைச்சலையும் சேர்த்தே கேட்கின்றன. வீட்டில் வாசிப்பதற்கு அவை போதும்.

கடையிலே முதலில் நம் முன் வைக்கப்படும் வாதம் நுட்பத்தைப் பற்றியது. அரைஸ்வரம் ஒன்றை நூறாகப் பகுத்த ஒரு பங்குக்குச் சென்ட் என்று பெயர். பொஸ் ரியூ-3 ஒரு சென்ட் வரை சரியாகக் காட்டும். பீற்றர்சன் போன்ற ஸ்ற்றோப் வகைகள் அதிற் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். வாத்தியம் செய்பவருக்கும், பாலத்தில் தந்தியின் நீளத்தைத் திருத்துபவருக்கும் அந்தச் சூக்ஷ்மம் வேண்டும். மேடையில் நிற்பவருக்கு அது அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஈ தந்தியில் ஒரு சென்ட் பிசகு என்பது, சரியான ஈ ஸ்வரத்தோடு சேர்ந்தொலிக்கும்போது, சுமார் 42 விநாடிக்கு ஒரு முறை எழுந்தடங்கும் ஓர் அலையேயாகும். எந்தப் பாட்டிலும் எந்த ஸ்வரமும் அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை. அதைவிட, தாழ்ந்த தந்தியை அந்தப் பெடல் எவ்வளவு விரைவாகவும் நிலையாகவும் அடையாளம் காண்கிறது என்பதே முக்கியம். ஈ தந்தியின் ஓர் அதிர்வு முடியவே விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் செல்கிறது. அத்தோடு, மூலநாதத்தினும் அதன் இரட்டிப்பு வலுத்து நிற்பதால், மலிவான ரியூனர்கள் எதை எண்ணுவது என்று தடுமாறி ஸ்வரத்தை மாற்றி மாற்றிக் காட்டும். ஐந்து தந்தி வாத்தியம் வைத்திருப்பவர் பீ தந்தியைக் கடையிலேயே மீட்டிப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ண வேண்டும்.

நம்பகம் என்ற சொல்லுக்கு இங்கே முதற்பொருள் மின்சாரம். 2022 இன் மின்வெட்டுக் காலத்தை மறக்காத நாடு இது. இன்றும் வெளியூர்த் திருவிழா மேடைகள் பலவற்றில் ஜெனறேற்றரே தஞ்சம். கிற்றாரின் ஒலி முழுவதும் ரியூனரினூடு செல்வதால், அது அணைந்தால் பேஸ் முழுவதும் ஊமையாகிவிடுமா என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். இவ்விஷயத்தில் பெடல்கள் இருவகை. ரியூ-3 போன்றவை ஒலியை எந்நேரமும் உள்ளேயுள்ள சிறு மின்சுற்றினாற் பலப்படுத்தி அனுப்புகின்றன. நீண்ட வயரில் உயர்நாதம் மங்காமல் காப்பது அதன் குணம், மின்சாரம் நின்றால் ஒலியும் நிற்பது அதன் குற்றம். பிற்ச்பிளாக் போன்றவை, அளக்காத வேளையில், உள்ளே வயரோடு வயரைத் தொடுத்ததுபோல ஒலியை நேரே செல்லவிடுகின்றன. சிலவற்றில் இருவழியும் உண்டு. விளம்பரத்தை நம்பாமல், கடையில் மின்சாரம் கொடுக்காமலே இரு வயர்களையும் செருகி, ஒலி வருகிறதா என்று பார்த்துவிடுவதே நேர்வழி. பற்றரி போட இடமுள்ள பெரிய பெடலையே நான் விரும்புகிறேன். பொலிரியூனின் சிறிய வடிவம் போன்றவற்றில் பற்றரிக்கு இடமில்லை, அடாப்டர் பழுதானால் அவ்வளவுதான். அடாப்டர் ஒன்பது வோல்ற்றாகவும், முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாகவும் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான பெடல்களுக்குப் பொருந்தும் விதி. ஆயினும் பெடலின் மேலுள்ள குறியைப் பாராமல் செருகுவது ஆபத்து.

மின்சாரத்தால் வரும் இன்னொரு மயக்கம் இருக்கிறது. அது நம்மைப் போன்ற நாடுகளுக்கே உரியது என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. மேடையின் ஏர்த் வயர் சரியில்லாதபோது ஸ்பீக்கரில் எழும் தாழ்ந்த இரைச்சலின் சுருதியும் 50 ஹேர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100. பேஸ் கிற்றாரின் ஈ தந்தியை மூன்றாம் கட்டில் அழுத்தினால் வரும் ஜீ ஸ்வரம் 49 ஹேர்ட்ஸ். திறந்த ஜீ தந்தி 98 ஹேர்ட்ஸ். ஆகவே எந்தத் தந்தியையும் தொடாமல் இருக்கும்போதே ரியூனர் ஜீ என்று எழுதி, அதிலும் 35 சென்ட் அளவு கூடியிருப்பதாக விளக்கைக் காட்டினால், அது தந்தியின் குரலன்று, மின்சாரத்தின் குரல். அந்த நிலையில் ஜீ தந்தியைச் சேர்க்க முயன்றால் காட்டி இங்கும் அங்கும் இழுபடும். இதைக் காண்பவர் சுருதியைப் பற்றி மாத்திரம் கவலைப்படலாகாது. ஏர்த் இல்லாத மேடையில் ஒரு கையால் தந்தியையும் உதட்டால் மைக்கையும் தொடுவது உயிருக்கே ஆபத்து. மின்வேலை தெரிந்தவரை அழைத்துச் சரிபார்த்த பின்பே நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும். அமைப்பாளர்கள் இதை அவசரத்தில் தட்டிக்கழிப்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

மற்றவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் உப்புக்காற்று செருகுதுளைகளின் உலோகத்தை அரிக்கிறது. உலோகப் பெட்டியும் இறுக்கமான செருகுதுளையும் உள்ள பெடலைத் தேர்ந்து, துணியிற் சுற்றிப் பெட்டியிலிட்டு வைக்க வேண்டும். பகல் வெயிலில் நடக்கும் விழாக்களில் நின்றபடியே பார்த்தால் விளக்குத் தெரிகிறதா என்பதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெப்பத்தில், குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கிய வாத்தியத்தின் உருக்குத் தந்திகள் சூடேறித் தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவே வீட்டில் சேர்த்து வந்தது மேடைக்கு உதவாது.

ஹார்மோனியத்தோடு வாசிக்கும் பஜனைக் குழுவுக்கும் தேவாலயத்துக்கும் மற்றொரு தேவை உண்டு. பழைய ஹார்மோனியத்தின் சுருதியை மேடையில் மாற்ற இயலாது. அது 440 க்குப் பதில் 443 இல் நின்றால், பிரமாணப்படி சேர்த்த பேஸ் சுமார் 12 சென்ட் தாழ்ந்து ஒலிக்கும். ரியூ-3 இல் அடிப்படைச் சுருதியை 436 முதல் 445 வரை நகர்த்திக்கொள்ளலாம். ஹார்மோனியத்தின் சுருதியைக் கவனமாகக் கேட்டு அதன்படி பெடலை அமைப்பதே முறை; நிகழ்ச்சி முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் அடுத்த மேடையில் அல்லற்படுவது இயல்பு.

எந்தப் பெடலை வாங்கினாலும் சேர்க்கும் விதம் ஒன்றே. தொனிக்குமிழை மூடி, கழுத்துக்கு அருகே கட்டைவிரலால் மெல்ல மீட்டி, முதல் அடியின் வேகத்தில் சற்று உயர்ந்து நிற்கும் சுருதி அமையும் வரை பொறுத்து, எப்போதும் கீழிருந்து மேலாக முறுக்கி நிறுத்த வேண்டும். மேலிருந்து தளர்த்தி நிறுத்தினால் ஆணியின் பல்லிடையில் உள்ள தளர்வு இரண்டாம் பாட்டிலேயே வெளிப்படும். காட்டி நிலையாக நில்லாமல் தள்ளாடினால், பன்னிரண்டாம் கட்டின்மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து எழுப்பும் இரட்டிப்பு நாதத்தைக் கொண்டு பார்க்கலாம். அப்படியும் தள்ளாடுமாயின் குற்றம் பெரும்பாலும் பெடலில் இராது. உப்பும் வியர்வையும் ஏறித் துருப்பிடித்த தந்தி, ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, எந்தச் சுருதியிலும் நேராக அதிர இயலாமற் போயிருக்கும். ஆகையால், விலையுயர்ந்த ஸ்ற்றோப் வகையை வாங்கவிருந்தவர் நடுத்தரமான, உறுதியான ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தில் ஒரு தொகுதி புதுத் தந்தியும் நல்ல வயர் ஒன்றும் வாங்கிக்கொள்வாரானால், மேடைக்கு அதுவே அதிகப் பயன் தரும்.