எண்ணிமக் கலைப்பொருள்களின் தேவையும் சந்தைப்படுத்தல், சமூக ஆதரவு ஆகியவற்றின் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

செலவின்றிப் படியெடுக்கத்தக்க எண்ணிமக் கலைப்பொருளை விலை கொடுத்து வாங்கும் தேவை எவ்வாறு உருவாகிறது என்பதை 2017 முதல் 2023 வரையிலான என்.எஃப்.டி. சந்தையின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. சந்தைப்படுத்தல் தேவையைத் தொடங்கிவைக்கிறது. சமூகம் அதனைத் தாங்குகிறது. அச்சமூகம் எதன்பொருட்டுக் கூடியது என்பது தேவையின் நிலைபேற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

திறவுச்சொற்கள்: எண்ணிமக் கலை, என்.எஃப்.டி., சந்தைப்படுத்தல், சமூக ஆதரவு, தேவை.

முன்னுரை

துணியில் தீட்டிய ஓவியத்திற்கு மூலப்படி ஒன்றே உண்டு. எண்ணிமப் படத்திலோ மூலத்திற்கும் நகலுக்கும் வேறுபாடு இல்லை. என்.எஃப்.டி. என்பது படைப்பொன்றின் உடைமைக் குறிப்பைப் பிளாக்செயின் பேரேட்டில் பதியும் முறையாகும். பிறர் அப்படத்தைப் பார்ப்பதையோ படியெடுப்பதையோ அது தடுப்பதில்லை. பதிப்புரிமையும் தானாகக் கைமாறுவதில்லை. ஆகவே வாங்குபவர் பெறுவது முதன்மையாக ஒரு பதிவையே. அப்பதிவை மதிப்போர் இல்லையெனில் அதற்கு விலையும் இல்லை. பிற பொருள்களுக்குத் துணைக்காரணியாக அமையும் சமூக ஏற்பு, இங்கு மதிப்பின் அடிப்படையாகவே அமைகிறது.

சந்தைப்படுத்தலின் பங்கு

2017ஆம் ஆண்டு லார்வா லேப்ஸ் நிறுவனம் 10,000 கிரிப்டோபங்ஸ் உருவங்களை வெளியிட்டது. அவற்றுள் 9,000 இலவசமாகவே வழங்கப்பட்டன. எண்ணிக்கை வரம்பும் முன்னோடி என்னும் பெயரும் பின்னாளில் அவற்றின் விலையை உயர்த்தின.

2021 மார்ச் 11 அன்று பீப்பிள் என அறியப்படும் மைக் விங்கெல்மேனின் 5,000 படங்கள் கொண்ட தொகுப்பினைக் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏறத்தாழ 6.93 கோடி டாலருக்கு ஏலத்தில் விற்றது. ஏலம் தொடங்கிய விலை 100 டாலர். 2007 மே மாதம் முதல் நாள்தோறும் ஒரு படம் வெளியிட்டு அவர் திரட்டிய பார்வையாளர் கூட்டமும், ஏல நிறுவனத்தின் நற்பெயரும் இங்கு இணைந்தன. அத்தொகுப்பை வாங்கியவர் தமிழ்நாட்டில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன். முன்னரே அவரது மெட்டாபர்ஸ் நிதியம் பீப்பிளின் 20 படைப்புகளை வாங்கி, அவற்றின் பங்குரிமையை பி.20 வில்லைகளாகப் பொதுமக்களிடம் கொண்டுசென்றிருந்தது. சேகரிப்பாளரும் தேவையை விரிவாக்கும் பங்காளராவதை இது காட்டுகிறது.

சமூக ஆதரவின் பங்கு

2021 ஏப்ரலில் யூகா லேப்ஸ் வெளியிட்ட ‘போர்ட் ஏப் யாட் கிளப்’ உருவங்கள் 10,000. ஒவ்வொன்றும் 0.08 ஈதர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 200 டாலர். உருவத்தை வணிகத்தில் பயன்படுத்தும் உரிமை, உறுப்பினருக்கான விழாக்கள், இலவசத் துணைத்தொகுப்பு ஆகியவை உரிமையாளர்க்கு வழங்கப்பட்டன. அவர்கள் அவ்வுருவத்தைத் தம் சமூக ஊடக முகப்புப் படமாக்கினர். அதுவே செலவற்ற விளம்பரமாயிற்று. 2022 ஏப்ரல் இறுதியில் குறைந்தபட்ச விலை 4 இலட்சம் டாலரைக் கடந்தது. 2023 ஜூலையில் அது 30 ஈதருக்கும் கீழே சரிந்தது. அப்போதைய மதிப்பில் 60 ஆயிரம் டாலரையும் எட்டவில்லை.

இருவகைச் சமூகங்கள்

ஈதரின் விலைவீழ்ச்சி இச்சரிவிற்கு ஒரு காரணமே. உறுப்பினரின் ஆர்வம் மறுவிற்பனை ஆதாயத்தைச் சார்ந்திருந்தமை மற்றொன்று. அத்தகைய சமூகத்தில் விலையேற்றம் ஆதரவைப் பெருக்கும். விலையிறக்கம் அதனைக் கலைக்கும்.

2013இல் தொடங்கப்பட்ட பேட்ரியான் தளம் இதற்கு மாறானது. அங்கு ஆதரவாளர் கலைஞரின் தொடர்பணிக்கு மாதந்தோறும் பணம் செலுத்துகின்றனர். மறுவிற்பனைக்கு அங்கு இடமில்லாமையால் பெருவிலைகள் எழுவதில்லை. விலைவீழ்ச்சி அச்சமும் இல்லை.

இவ்வேறுபாடு கலைஞரின் வாழ்வாதாரத்தைத் தொடுகிறது. மறுவிற்பனைதோறும் கலைஞருக்குப் பங்கு கிடைக்கும் என்பது என்.எஃப்.டி.யின் முதன்மை வாக்குறுதிகளுள் ஒன்று. சந்தைத் தளங்களிடையே கட்டணக் குறைப்புப் போட்டி மூண்டபின், 2023 ஆகஸ்டில் ஓப்பன்சீ தளம் அப்பங்கினைக் கட்டாயமற்றதாக்க முடிவு செய்தது. மறுவிற்பனை ஆதாயம் நாடுவோர்க்குக் கலைஞரின் பங்கு ஒரு செலவினமாகவே தோன்றும்.

முடிவுரை

எண்ணிமக் கலைக்கான தேவையை உறுப்பினர் எண்ணிக்கையாலும் உச்ச விலையாலும் மட்டும் அளத்தல் போதாது. விலை சரிந்த பின்னும் எத்தனைபேர் அக்கலைஞரின் அடுத்த படைப்பை நாடுகின்றனர் என்பதே தக்க அளவுகோல். சந்தைப்படுத்தல் கூட்டத்தைச் சேர்க்கும். கலையின்மீதான ஈடுபாடே அக்கூட்டத்தை ஆதரவுச் சமூகமாக நிலைபெறச் செய்யும்.