பேக்கப்பை எதில் எடுத்து வைப்பது?

கணினி ஒரு நாள் ஆன் ஆகாமல் படுத்துவிட்டால், அதை மீட்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, விண்டோஸ் கெட்டுப்போன நிலையிலும் கணினியை எழுப்பிப் பழுதுபார்க்க உதவும் ரெகவரி டிரைவ். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று இதற்குப் பெரும்பாலும் போதும். மற்றது, விண்டோஸ், புரோகிராம்கள், படங்கள், கணக்குகள் என வட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே பிடித்து வைத்திருக்கும் சிஸ்டம் இமேஜ். இது சில நூறு ஜிபிகூட வரும். முதலாவது வருடக்கணக்கில் மேசை டிராயரில் தூங்கினாலும், தேவைப்படும் அன்று பூட் ஆகியே தீர வேண்டும். இரண்டாவதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். வேலை வேறாக இருப்பதால் இரண்டையும் ஒரே பென்டிரைவில் திணிக்க நினைப்பது வீண். ரெகவரி டிரைவை உருவாக்கும்போது அந்தப் பென்டிரைவில் முன்பே இருந்ததெல்லாம் அழிந்துபோகும். சொந்தக் கோப்புகள் எதுவும் அதில் சேரவும் சேராது. பலருக்கு இது காலம் கடந்துதான் தெரியவருகிறது.

பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி மூன்றும் ஃபிளாஷ் நினைவக வகை. இதில் தகவல், மிக நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்ட மின்னேற்றமாக இருக்கிறது. ஆரம்ப காலச் சில்லுகளில் ஓர் அறைக்கு ஒரு பிட். ஏற்றம் உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும். இன்று மலிவாக விற்கும் சில்லுகளில் ஓர் அறைக்கு 3 பிட், 4 பிட். 4 பிட் என்றால் 16 வெவ்வேறு ஏற்ற அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். இத்தனை நெருக்கமான அளவுகளில் கொஞ்சம் கசிந்தாலும் எழுத்து மாறிவிடும். வெப்பம் கசிவைக் கூட்டும். பலமுறை எழுதி அழித்துத் தேய்ந்த அறைகளில் கசிவு இன்னும் வேகம். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தரம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: உத்தரவாத அளவு முழுவதும் எழுதித் தீர்த்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். அதிகம் எழுதாத புது எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு நாள் தாங்கும் என்பது உண்மையே. ஆனாலும் சித்திரை வெயிலில் கொதிக்கும் மாடி அறையின் பீரோவுக்குள், குடும்பப் படங்களின் ஒரே பிரதியைப் பென்டிரைவில் போட்டுப் பூட்டிவைப்பது துணிச்சலான காரியம்.

போலிகளின் தொல்லை தனி. கைக்கடக்கமான பென்டிரைவில் 2 டிபி என்று அச்சிட்டு, நம்ப முடியாத விலைக்கு விற்பார்கள். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லுதான் இருக்கும். பெரிய அளவைச் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவது நிற்காது. புதிதாக வருவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் தொடக்கப் பகுதியில் பத்திரமாக இருப்பதால், திறந்து பார்க்கும் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். வாங்கியவுடன் ஒரு முறை இதை ஓட்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

சிஸ்டம் இமேஜுக்கு இன்றும் ஏற்றது வெளிப்புற ஹார்டு டிஸ்க்தான். காந்தப் பதிவு என்பதால், சும்மா இருக்கும்போது ஃபிளாஷ்போல ஏற்றம் கசியும் கவலை இல்லை. ஒரு டிபிக்கு ஆகும் செலவும் குறைவு. அதன் எதிரி அதிர்ச்சி. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் போனதுதான். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் பல ஆண்டுகளாக வெளியிடும் கணக்கின்படி, ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு பழுதாகின்றன. அவை அசையாமல் இருக்கும் டேட்டா சென்டர் டிஸ்க்குகள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுபவர்கள் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்க்க வேண்டும். மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிடுவதே நல்லது.

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபிதான் கொள்ளும். எழுதக்கூடிய டிவிடிகளில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயில் பட்டால் கெடும். எம்-டிஸ்க் எனப்படும் வகையில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் இருப்பதால் ஆயுள் அதிகம். ஒருமுறை எழுதியதை எந்த வைரஸாலும் மாற்ற முடியாது என்பது இத்தகைய வட்டுகளின் பெரிய பலம். ஆனால் படிக்கும் டிரைவ் உள்ள லேப்டாப் இப்போது அரிது. எழுதக்கூடிய புளூரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியும்விட்டது.

காந்த நாடா பழங்கதை என்று நினைப்பவர்கள் 2011-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் மென்பொருள் கோளாறு ஒன்றால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த பிரதிகளையும் கோளாறு தொட்டுவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை இணைப்பில் இல்லாத நாடாக்கள். எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டிபி அடங்கும். அதன் டிரைவ் விலையோ வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. எனினும் இணைப்பைத் துண்டித்து வைக்கும் பழக்கத்துக்குச் செலவே இல்லை. 2017 மே மாதம் பரவிய வானாகிரை என்ற பணம்பறிக்கும் வைரஸ், கணினியோடு செருகியிருந்த வெளிப்புற டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டியது. பேக்கப் முடிந்ததும் கேபிளை உருவிவிட வேண்டும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி இங்கே பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பது உறவினர் வீடாகவும் இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம். வெறும் சிங்க் வசதியை மட்டும் இதற்கு நம்பக் கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

எந்த ஊடகமானாலும் மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கு ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. அவற்றில் ஒன்று, மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்திருந்த பிரதி கையில் இருந்ததால் தப்பித்தார்கள்.

வீட்டில் இந்தச் சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. ரெகவரி டிரைவைச் செருகி, கணினி ஆன் ஆகும்போது பூட் மெனுவுக்குப் போய் (பல லேப்டாப்களில் எஃப்12 அல்லது எஃப்9), நீலத் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியேறலாம். இமேஜைத் திறந்து, நாலைந்து கோப்புகளை வேறு இடத்துக்கு எடுத்துப் பார்க்கலாம். விண்டோஸ் அப்டேட்கள் வந்துகொண்டே இருப்பதால் ரெகவரி டிரைவை ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக உருவாக்கும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மாதமும் ஆண்டும் எழுதிய சிறு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால் மறக்காது. பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் ரெகவரி டிரைவ் பூட் ஆனாலும் உள்ளே உள்ள வட்டு திறக்காது.