நாழிக்குள் ஒரு மரம்

ஐப்பசி மாதத்தில் காவிரிப் படுகையின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் குவியல் குவியலாக நெல் காத்திருக்கும். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் காலம் அது. ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை நீடித்தால் நெல் முளைவிடும். வந்த வரிசைப்படி எடுப்பதா, முதலில் கெடக்கூடியதை முதலில் எடுப்பதா என்பது நிர்வாகம் தீர்மானிக்க வேண்டியது. இரண்டாவது வழிக்குக் கணினி அறிவியலில் 'முன்னுரிமை வரிசை' என்று பெயர்.

அருகருகே உள்ள இரு நிலையங்களின் வரிசைகளை ஒன்றாக்க நேர்ந்தால், எல்லாவற்றையும் மறுபடி ஒப்பிட்டு அடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்று 1978-இல் காட்டினார் பிரெஞ்சு அறிஞர் ழான் வுயிமன். அவர் முன்வைத்த 'ஈருறுப்புக் குவியல்', ஈருறுப்பு மரங்களால் ஆனது. அம்மரத்தின் பண்புகளை நம் மாணவர்கள் சூத்திரங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். தஞ்சைத் தரணியில் அதற்கு அவசியமே இல்லை.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு; இரண்டு உழக்கு ஓர் உரி; இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி சேர்ந்தால் குறுணி. அதை இரட்டித்தால் பதக்கு. மீண்டும் இரட்டித்தால் தூணி. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கப்பட்டது இந்த அளவுகளால்தான். ஈருறுப்பு மரத்தின் விதியும் இதுவே: சம அளவுள்ள இரண்டு மட்டுமே இணையும். இணையும்போது, இரு வேர்களில் முன்னுரிமை மிக்கது மேலே நிற்கும். மற்றது அதன் கிளையாகும்.

இந்த ஒரு விதியிலிருந்தே எல்லாம் பிறக்கின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் கணுக்கள் இரட்டிக்கும், உயரம் ஒன்று கூடும். ஆகவே மூன்று முறை இணைத்த மரத்தில் 8 கணுக்கள், உயரம் 3. உரிக்கு நிகரான மரத்தில் மட்டவாரியாக 1, 2, 1 கணுக்கள் உள்ளன. அத்தகைய இரண்டில் ஒன்று ஒரு படி கீழிறங்கிச் சேர்வதால், நாழி மரத்தில் 1, 3, 3, 1 என்று அமைகிறது. பள்ளியில் படித்த ஈருறுப்புக் கெழுக்கள்தாம் இவை. மரத்தின் பெயர்க் காரணமும் இதுவே. பிங்கலரின் யாப்பு நூலுக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், 'மேருப் பிரஸ்தாரம்' என்று விளக்கியதும் இதே எண்களைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பண்பு வேறு. நாழி நெல்லிலிருந்து ஓர் ஆழாக்கை எடுத்தால் மிஞ்சுவது என்ன? ஓர் உரி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு. நாழி மரத்தின் வேரை நீக்கினாலும் மிஞ்சுபவை 4, 2, 1 கணுக்கள் கொண்ட மூன்று மரங்கள். சிதறல் ஏதுமில்லை, அவை மீண்டும் குவியலில் சேரத் தயாராகவே இருக்கின்றன.

வரிசைகளை இணைப்பதும் அளவைக் கணக்கே. ஒரு நிலையத்தில் 13 குவியல்கள் இருந்தால் அது நாழி, உரி, ஆழாக்கு. இன்னொன்றில் 5 இருந்தால் உரி, ஆழாக்கு. இரு ஆழாக்குகள் உழக்காகும். இரு உரிகள் நாழியாகும். இரு நாழிகள் இருநாழியாகும். மூன்றே ஒப்பீடுகளில் வேலை முடிகிறது. ஒரு லட்சம் பதிவுகள் இருந்தாலும் 17 மரங்களுக்கு மேல் தேவைப்படாது.

கலத்தில் மட்டும் இந்த ஒப்புமை முறிகிறது: ஒரு கலத்துக்கு மூன்று தூணி. மூன்று மூன்றாக இணைத்தால் மரம் எப்படி இருக்கும், மட்டங்களில் எத்தனை கணுக்கள் வரும் என்ற கேள்வியை ஆசிரியர்கள் வகுப்பில் தாராளமாகக் கேட்கலாம்.