பழைய உடலில் புதிய பொறி: எரிபொருள் குழாயின் பாதை

பழமை வாய்ந்த மகிழுந்தின் தேய்ந்த பொறியைக் கழற்றிவிட்டு, பிந்தைய தலைமுறைப் பொறி ஒன்றை அவ்விடத்தில் அமர்த்துவது அமெரிக்காவில் பல்லாண்டுகளாக வேரூன்றிய கலை. அதில் ஈடுபடுவோர் பொறியின் ஆற்றலையும் பல்லிணைப் பெட்டியையும் மின்கம்பிப் பின்னலையும் பற்றியே பெரிதும் பேசுவர். தொட்டிக்கும் பொறிக்கும் இடையே ஓடும் மெல்லிய எரிபொருள் குழாய் கடைசி நாள் வேலையாக ஒதுக்கப்படும். இரு முனைகளை இணைத்துவிட்டால் போதும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் பொறி மாறும்போது அக்குழாயினுள் நிகழும் இயற்பியலே மாறிவிடுகிறது. பழைய குழாய் பெட்ரோலை இழுத்தது. புதிய குழாய் தள்ளுகிறது. குழாயின் தடிமன், பொருள், மூட்டு, பாதை ஆகிய அனைத்தையும் இந்த ஒரு மாற்றத்தைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

இழுத்தலின் இடர்

ஷெவர்லே நிறுவனம் 1967ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட காமரோவை எடுத்துக்கொள்வோம். அதன் எரிபொருள் தொட்டி பின்புறச் சரக்கறையின் அடியில் இருக்கிறது. எட்டு உருளைகள் கொண்ட பொறி முன்னே இருக்கிறது. பொறியின் வலப்பக்க முன்மூலையில், தாழ்வான இடத்தில், எக்கி பொருத்தப்பட்டிருக்கும். பொறியின் நெம்புருள் தண்டு சுழலச் சுழல, சிறு கோல் ஒன்று எக்கியின் நெம்பை அழுத்தும். எக்கி தொலைவிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, ஏறத்தாழ 35 முதல் 45 கிலோபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில் கார்புரேட்டருக்கு ஏற்றும்.

ஒரு நீர்மத்தின் ஆவியழுத்தம், அதைச் சூழ்ந்த அழுத்தத்திற்கு இணையாகும்போது அது கொதிக்கிறது. அமெரிக்கக் குளிர்காலப் பெட்ரோலின் ஆவியழுத்தம் 37.8 பாகை செல்சியசில் 100 கிலோபாஸ்கலைத் தொடக்கூடும். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அதாவது, அப்பெட்ரோல் மனித உடலின் வெப்பத்திலேயே கொதிக்கும் தறுவாயில் நிற்கிறது. உறிஞ்சும் குழாயினுள் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. ஆகவே அங்கே கொதிநிலை மேலும் தாழ்கிறது. அனல் தகிக்கும் பொறியருகே அக்குழாய் சென்றால் உள்ளே ஆவிக் குமிழிகள் தோன்றும். எக்கியின் ஒவ்வோர் அசைவும் நீர்மத்தை நகர்த்தாமல் குமிழியைச் சுருக்கி விரிப்பதிலேயே கழியும். ஆவியடைப்பு எனப்படுவது இதுவே. குளிர்காலப் பெட்ரோல் தொட்டியில் எஞ்சியிருக்கத் திடீரென வெயில் ஏறும் இளவேனில் நாளில், போக்குவரத்து நெரிசலில் நின்ற பழைய வண்டி மீண்டும் கிளம்ப மறுப்பது இதனாலேயே.

தள்ளுதலின் பயனும் விலையும்

பொறி மாற்றங்களில் பெரிதும் விரும்பப்படுவது, 1997ஆம் ஆண்டு ஷெவர்லேயின் கார்வெட் மகிழுந்தில் அறிமுகமான எல்.எஸ்.1 என்னும் 5.7 லிட்டர் அலுமினியப் பொறியும் அதன் வழித்தோன்றல்களும். இப்பொறியின் உடலில் பழைய வகை எக்கிக்கு இடமே இல்லை. கார்புரேட்டரும் இல்லை, மின்னணு ஆணைப்படி திறந்து மூடும் தெளிப்பான்கள் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. அவற்றுக்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 400 கிலோபாஸ்கல்; பழையதைப்போலப் பத்து மடங்கு.

எனவே தொட்டிக்குள்ளேயே மின்னெக்கி ஒன்று அமர்கிறது. அது பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதால் குளிர்ச்சியாக இருக்கிறது. உறிஞ்ச வேண்டிய தொலைவும் இல்லை. அங்கிருந்து பொறி வரையுள்ள குழாய் முழுவதும் மிகையழுத்தத்தில் நிற்கிறது. அவ்வழுத்தத்தில் பெட்ரோலின் கொதிநிலை பெரிதும் உயர்ந்துவிடுவதால் ஆவியடைப்பு பெரும்பாலும் மறைகிறது.

ஆனால் அதற்கொரு விலை உண்டு. பழைய குழாயில் நுண்துளை விழுந்தால், உறிஞ்சும் பகுதியில் காற்று உள்ளே புகும், வண்டி திணறும், அவ்வளவே. புதிய குழாயில் அதே துளை விழுந்தால் பெட்ரோல் வெளியே பாயும். 400 கிலோபாஸ்கல் அழுத்தம் அதனை நொடிக்கு 30 மீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் உந்தித் துகள்மேகமாகச் சிதறடிக்கும். பெட்ரோலாவி பனிக்குளிரிலும் தீப்பொறியால் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தீப்பொறியே இன்றி, 250 முதல் 280 பாகை வரையுள்ள வெப்பத்தில் தானே எரியும். கடும் பணியில் புகைபோக்கிக் குழாயின் தலைப்பகுதி இவ்வெல்லையை எளிதில் தாண்டிவிடும். ஆவியடைப்பு என்னும் தொல்லையைத் தீர்த்த அதே அழுத்தம், கசிவைத் தீயாக்கும் ஆற்றலையும் உடன் கொண்டுவருகிறது.

குழாயின் உடல்

345 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.1 முழு ஆற்றலில் மணிக்கு ஏறத்தாழ 100 லிட்டர் பெட்ரோலை விழுங்கும். கொந்தளித்து ஓடும் நீர்மத்தில், உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு குழாயின் உள்விட்டத்தின் ஐந்தாம் படிக்கு ஏறத்தாழ எதிர்விகிதமாகும். ஆகவே பல பழைய வண்டிகளில் உள்ள 5/16 அங்குலக் குழாயில் ஏற்படும் இழப்பு, 3/8 அங்குலக் குழாயில் ஏற்படுவதைப்போல மூன்று மடங்கு. வெளிப்பார்வைக்கு மயிரிழை வேறுபாடு. ஓட்டத்திற்கோ பெரும் வேறுபாடு.

உலோகங்களில் எஃகும் துருவேறா எஃகும் செம்பு-நிக்கல் கலப்பும் ஏற்றவை. தனிச் செம்பு எளிதில் வளைவதால் கைக்கு இனிது. ஆனால் தொடர் அதிர்வில் இறுகிப் பிளந்துவிடும். பெட்ரோலில் பிசின் படியவும் தூண்டும். மூட்டுகளிலும் கவனம் வேண்டும். வண்டித் தொழிற்சாலைகளில் வழங்குவது 45 பாகைக் கோணத்தில் இரட்டையாக மடித்து விரித்த குழாய்வாய். வானூர்தித் துறையிலிருந்து வந்த ஏ.என். இணைப்பிகள் கேட்பது 37 பாகைக் கோணம். இவ்விரண்டையும் கலந்து முடுக்கினால் தொடக்கத்தில் இறுகியதுபோல் தோன்றும், பின்னர்க் கசியும்.

பொறி ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடிக்கொண்டே இருக்கும், அடிச்சட்டம் ஆடாது. ஆகவே இரண்டுக்கும் இடையே சிறிது நீளத்திற்கு நெகிழ்குழாய் இன்றியமையாதது. பழைய கிடங்குச் சரக்கை எடுத்துப் பொருத்துவோர் அதன் மேற்பரப்பைப் படித்தல் வேண்டும். 30ஆர்7 என அச்சிட்ட குழாய் கார்புரேட்டர் காலத்தது. அதன் தாங்குதிறன் ஏறத்தாழ 345 கிலோபாஸ்கல், அதாவது இப்பொறியின் அன்றாட அழுத்தத்தைவிடக் குறைவு. தெளிப்பு முறைக்கென வந்த 30ஆர்9 அதனைப்போல இரு மடங்கு தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உள்ளுறையாக டெஃப்லான் பூசிய குழாய் மேலும் சிறந்தது. அது மின்கடத்தும் வகையாயின் பாயும் பெட்ரோலால் எழும் நிலைமின்னையும் வெளியேற்றிவிடும்.

பாதை வகுத்தல்

பாதையின் முதல் விதி, புகைபோக்கியிலிருந்து இயன்றவரை விலகுதல். இருபுறமும் புகைபோக்கி ஓடும் வண்டியில் முழு விலக்கு இயலாது. நெருங்கும் இடங்களில் வெப்பத் தடுப்புத் தகடு அமைத்தல் வேண்டும். இரண்டாவது, வண்டியின் அடிப்புறத்தில் யாவற்றினும் தாழ்ந்த பொருளாகக் குழாய் இருத்தல் ஆகாது. கல்லும் மேடும் முதலில் தாக்குவது தாழ்ந்ததையே. மூன்றாவது, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் நெடுந்தண்டின் அருகே செல்லலாகாது; அதன் முன்மூட்டு முறிந்தால் தண்டு சாட்டையாகச் சுழன்று எதிர்ப்பட்டதை அறுத்தெறியும். நான்காவது, மின்கலத்தின் தடித்த கம்பியோடு ஒரே கவ்வியில் கட்டலாகாது.

ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒரு ரப்பர் உறையிட்ட கவ்வி குழாயை இறுகப் பிடித்திருக்க வேண்டும். தகட்டுத் துளையினூடே செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையேல், தகட்டின் விளிம்பு நாளடைவில் குழாயை அரம்போல் அராவிவிடும்.

மிகைப் பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பும் வழியையும் எண்ண வேண்டும். கார்வெட்டில் வந்த வடிகட்டியும் அழுத்தச் சீராக்கியும் இணைந்த சிறு கலன் இதற்கு எளிய விடை. மூன்று வாய்கள் கொண்ட அதனைத் தொட்டியருகே பொருத்தினால், திரும்பும் குழாய் அங்கேயே முடிந்துவிடும். பொறியை நோக்கி ஒரே குழாய் போதும். பொறியின் வெப்பத்தைச் சுமந்த பெட்ரோல் தொட்டிக்கு மீள்வதும் தவிர்க்கப்படும்.

தொட்டியும் பாதையின் ஒரு பகுதியே. கார்புரேட்டரின் மிதவை அறை சிறிதளவு பெட்ரோலைச் சேமித்து வைத்திருந்தது. வளைவில் தொட்டியின் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கிக் குழாய்வாய் காற்றில் நின்றாலும் அச்சேமிப்பு ஈடுகொடுத்தது. தெளிப்பான்களுக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. எனவே எக்கியைச் சூழ்ந்து தடுப்புச் சுவர்கள் கொண்ட தொட்டி வேண்டும்.

அனைத்தும் முடிந்தபின், பொறியை முடுக்காமல் எக்கியை மட்டும் இயக்கி, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தல் வேண்டும். பொறி நின்றவுடன் எக்கியும் நிற்குமாறு மின்சுற்று அமைவதும், மோதலின்போது மின்னை அறுக்கும் விசை ஒன்று சேர்வதும் கட்டாயம். இல்லையேல் கவிழ்ந்து கிடக்கும் வண்டியிலும் எக்கி பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இவ்வளவையும் ஏற்கும் பாதையைப் பொறியை இறக்குமுன்பே குறித்துவிடுவது முறை. பொறி அமர்ந்தபின் எஞ்சிய இடைவெளிகளில் பாதை தேடுவோருக்கு, அந்த இடைவெளி பெரும்பாலும் புகைபோக்கியின் அருகிலேயே கிடைக்கும்.